ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீங்க!

ஒரகடம் பக்கத்தில் குடியிருக்கும் இல்லத்தரசி நான்; வயது 36. கணவருக்கு கம்பெனியில் ஷிப்ட் வேலை. காலை 5 மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்து விடும். அதற்குள் சமைத்து, டப்பாவில் கட்டிக் கொடுக்க வேண்டும்.

போன வருஷம், விரல் மூட்டுகளிலும், முழங்காலிலும் வலி ஆரம்பித்தது. எழுந்தவுடன் விரலை மடக்கவே வராது. சப்பாத்திக் கட்டையைப் பிடிக்க முடியாது. கைக்கு எக்ஸ்ரே, முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ., ஸ்கேன் என்று, சேர்த்து வைத்திருந்த சீட்டுப் பணம் காலி. கைக்கு, 'நார்மல்' என்றும், முழங்காலுக்கு, 'லேசான தேய்மானம்' என்றும் எழுதிக் கொடுத்தனர். விளக்கிச் சொல்லத்தான் ஆளில்லை.

'அதான் நார்மல்னு போட்டிருக்கே... வேலை செய்ய சோம்பல்'னு வீட்டில் பேச்சு. பக்கத்து வீட்டு அக்காவோ, 'தேய்மானமா... அப்போ ஆபரேஷன்தான்'னு சொல்ல, ராத்திரியெல்லாம் அழுதேன்.

கடைசியில், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், மூட்டு வாத நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருப்பதை அறிந்து போனேன். அங்கிருந்த டாக்டரம்மா, ரிப்போர்ட்டை ஓரமாக வைத்து விட்டு, 'காலையில எழுந்ததும், எவ்வளவு நேரம் விரல் விறைப்பா இருக்கு?' என்று கேட்டார். 'ஒரு மணி நேரம்' என்றேன். ஒவ்வொரு விரல் மூட்டாக அழுத்திப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். முடக்குவாதத்தின் ஆரம்பம் என்று தெரிந்தது.

'ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கலாம். அதனால், உன் வலி பொய்யில்லை. சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால், விரல் கோணாமல் காப்பாற்றலாம்' என்றார்.

'முழங்கால் தேய்மானம்?' என்று பயந்தபடி கேட்டேன். அமெரிக்காவில், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியாத, 50 வயதைத் தாண்டிய 710 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2012ல் வெளியிட்டார்களாம். அதில், 100க்கு 89 பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு தெரிந்ததாம்; வலியே இல்லாதவர்களுக்கும் கூட! 'ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமில்லை' என்றார். அப்போதுதான் உயிர் வந்தது.

தோழியரே... ஸ்கேன் என்பது படம்தான், தீர்ப்பு அல்ல. ஒண்ணுமில்லை என்று வந்தால், வலியை மென்று விழுங்காதீர்கள். தேய்மானம் என்று வந்தால், ஒடிந்து போகாதீர்கள். எந்த மூட்டு வலிக்கிறது, வீக்கம் உண்டா, காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்று, ஒரு வாரம் காலண்டரில் குறித்து, ரிப்போர்ட்டோடு எடுத்துப் போங்கள். 'இந்த வலிக்கு இதுதான் காரணமா?' என்று, டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், விரல் மடங்குகிறது. 'சோம்பல்' என்று சொன்னவர்களே, காய் நறுக்கித் தருகின்றனர்!

— ஒரு வாசகி, ஒரகடம்.