ஜப்பான் மொழி: குரூப் கிளாஸா, தனி டியூஷனா?



இந்த வருடம் நம் கேன்டீனில் கிரிக்கெட்டை விட அதிகம் அடிபட்ட பேச்சு ஜப்பான்தான். காரணம் இல்லாமல் இல்லை. 2019 ஏப்ரலில் ஜப்பான் அரசு 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' விசாவைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் இந்தியாவும் அதற்காக ஒப்பந்தம் போட்டது. கட்டுமானம், வாகனப் பழுதுபார்ப்பு, தொழிற்சாலை வேலை என்று நம் படிப்புக்குப் பொருந்துவது அதில் நிறைய. தொழில் தேர்வோடு, மொழியில் ஜே.எல்.பி.டி. என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் தேர்வும் பாஸ் பண்ண வேண்டும்.

உடனே எழுகிற கேள்வி, யாரிடம் படிப்பது? நம்ம ஊர்ப் பெற்றோருக்குத் தனி டியூஷன் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. காசு கூடக் கொடுத்தால் படிப்பும் கூட வரும் என்ற கணக்கு. நிலக்கோட்டைப் பக்கமிருந்து வரும் என் நண்பன் வீட்டில், பூ விற்ற காசை எடுத்து வைத்துத் தனி வாத்தியார் தேடுகிறார்கள். வேண்டாம் என்பதே என் கட்சி. குறைந்தது முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

ஏன் என்கிறீர்களா? தனி வாத்தியார் மணிக்கணக்கில் விளக்க வேண்டிய இலக்கணம் பாதி நம்மிடமே இருக்கிறது. "நான் தண்ணீரைக் குடிக்கிறேன்" என்பதற்கு ஜப்பானில் "வாதாஷி வா மிஸு ஓ நோமிமாஸ்". மிஸு தண்ணீர், ஓ என்பது நம்ம 'ஐ' வேற்றுமை, வினை கடைசியில். வரிசை அப்படியே! சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று வாதாடினார். மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு கிடக்கட்டும், வசதி இருக்கிறதே! ஹிரகானா 46, கடகானா 46 எழுத்துக்கும் வாத்தியார் எதற்கு? கட்டம் போட்ட நோட்டு போதும்.

நமக்கு வேண்டியது வாய்ப்பழக்கம். 'கோரே' என்றால் என் கையில் இருப்பது, 'சோரே' உன் கையில் இருப்பது, 'ஆரே' இரண்டு பேருக்கும் தூரத்தில் இருப்பது. (நம்மிடமும் இது, உது, அது இருந்தது. இலங்கைத் தமிழர் 'உது'வை இன்னும் விடவில்லை.) ஒரு திண்டுக்கல் பூட்டையும் சாவியையும் நாலு பேர் கை மாற்றி "சோரே வா நான் தேஸ் கா?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணியில் மண்டையில் ஏறிவிடும். போன் திரையில் ஒரே வாத்தியார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா, சொல்லுங்க!

அதற்காக எல்லாக் குரூப்பும் நல்லது என்று சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் அது கிளாஸ் இல்லை, பஜனை. 'கின்' என்ற சொல்லை அழுத்திச் சொன்னால் தங்கம், மெல்லச் சொன்னால் வெள்ளி. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். நாற்பது பேர் கோரஸில் தங்கத்தை வெள்ளி ஆக்கினாலும் யாருக்கும் தெரியாது. ஆன்லைன் குரூப்பில் எல்லோரும் மைக்கை மூடிக்கொண்டால் அது வெறும் ரேடியோ.

தனி வாத்தியார் தேவைப்படுவது இங்கேதான். இன்னொன்றும் கவனியுங்கள்: ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வே கிடையாது. என்5-க்கு 180-ல் 80, என்4-க்கு 90 எடுத்தால் பாஸ், பகுதிவாரிக் குறைந்தபட்சமும் எடுத்திருந்தால். ஆனால் கம்பெனிக்காரர் இன்டர்வியூவில் வாயைத் திறக்கச் சொல்வார். அதற்கு முன்னால் நாலைந்து வகுப்பு தனியாக எடுத்து, தப்பை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்வது கொடுத்த காசுக்குத் தகும்.

சென்னையில் ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் போல வெகுகாலமாக இம்மொழி சொல்லித்தரும் இடம் உண்டு. ஆனால் 400 கிலோமீட்டர் தாண்டி வைகை எக்ஸ்பிரஸில் தினமும் போய்வர முடியுமா? எனவே நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆன்லைனில் சிறிய குரூப் ஒன்றில் சேர்ந்திருக்கிறோம். ஞாயிறு காலை ஹாஸ்டல் மாடியில் பேசிப் பழகுகிறோம். தேர்வு ஜூலை, டிசம்பர் முதல் ஞாயிறுகளில். அதற்கு முந்தின மாதம் ஒரு தனி வாத்தியாரைப் பொதுவில் பிடித்து, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று பங்கு போட உத்தேசம். ஆறு பேர் ஆனால் செலவு இன்னும் குறையும். இரண்டு இடம் காலி. எலெக்ட்ரிக்கல்காரர்களும் வரலாம், பூட்டு எங்களிடம் இருக்கிறது.

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்