எழுதித் தாருங்கள்

மறுப்பு எப்போதும் வாய்மொழியாகத்தான் வருகிறது. "இப்ப ஃபண்டு இல்லம்மா." "சர்வர் வேல செய்யல, திங்கக்கிழமை வா." "நாப்பது பர்சென்ட்டுக்குக் கீழதான் போடுவாங்க, எதுக்கு வீணா அலையிற?" "ஒனக்குத்தான் புருஷன் இருக்காருல்ல?"

மாற்றுத்திறனாளிப் பெண் ஒருத்தி உதவித்தொகைக்கான மனுவோடு போகும்போது கேட்கிற இந்த வாக்கியங்களில் ஒன்றுகூட எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. மனுவே பதிவாகாதபோது அதை மறுத்ததாகவும் ஆகாது. மறுக்கப்படாத ஒன்றை எதிர்த்து மேல்முறையீடு செய்வது எளிதல்ல. வேதத்தை 'எழுதாக் கிளவி' என்று தமிழ் மரபு சொல்லும். எழுதாமல் வைத்திருந்தது பாதுகாப்பதற்காக மட்டுமல்ல, யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்று தீர்மானிப்பதற்காகவும்தான் என்று வகுப்பில் சொல்வேன். நம் காலத்து எழுதாக் கிளவி அலுவலக மேசைகளில் புழங்குகிறது. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி நடப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இந்த இடத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது சட்டம். நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்களைப் பட்டியலிடுகிறது. அதில் 'பெண்' என்பது ஒரு வரி. 'மாற்றுத்திறனாளி' என்பது இன்னொரு வரி. வருமான வரம்பு இருவருக்கும் கிடையாது. அது பட்டியலின் கடைசியில் மற்றவர்களுக்கு வருகிறது. பெண்ணாக இருப்பதே போதும், ஏழை என்று நிரூபிக்க வேண்டாம், கைவிடப்பட்டவள் என்று நிரூபிக்க வேண்டாம் என்று சொல்கிற சட்ட வரிகள் நம்மிடம் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று. அந்தச் சட்டத்தின்படி சட்டப்பணி என்பது வழக்காடுவது மட்டுமல்ல. எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை தருவதும் அதில் அடங்கும். ஆக, ஒரு மாற்றுத்திறனாளிப் பெண் இலவசச் சட்ட உதவிக்கு இரண்டு முறை உரியவள். ஆனால் அவள் நிற்கும் மேசையருகே ஒரு முறைகூட அது வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதற்கு எங்கள் மாவட்ட வரைபடமே பாதி பதில். மாவட்ட நீதிமன்றமும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆட்சியர் அலுவலகமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் இருப்பது விருதுநகரில். ராஜபாளையத்துப் பெண்ணுக்கு உரிமையைச் சொல்லித்தரும் இடம் ஓர் ஊர், உரிமையைக் கேட்கும் இடம் வேறோர் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நகரப் பேருந்தில் 2021 முதல் நமக்குக் கட்டணமில்லை. விருதுநகர் போகும் புறநகர்ப் பேருந்துக்குக் காசு வேண்டும், ஒரு நாள் கூலியும் போகும்.

தொகையும் ஒரே இடத்தில் இல்லை. மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வருவாய்த் துறையுடையது. அதற்குத் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தார். கடும் பாதிப்புள்ளவர்களுக்கும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்குமான பராமரிப்பு உதவித்தொகை வேறு துறை, வேறு அலுவலகம். இரண்டில் ஒன்றுதான் பெறலாம். எது தனக்குரியது, எதைக் கேட்டால் எது போய்விடும் என்று சொல்வது சட்ட ஆலோசனை. இன்று அதைச் சொல்பவர் வாசலில் நிற்கும் புரோக்கர். நடைமுறையில் இருக்கிற ஒரே சட்ட உதவி அவர்தான். அவர் இலவசம் இல்லை.

என் மாணவி ஒருத்தியின் அம்மா மில் தொழிலாளி. அறிவுசார் குறைபாடுள்ள இளைய மகளுக்காக அலைந்தவர். சான்றுக்கு முகாம், வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம், கையெழுத்துக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., பிறகு மறுபடியும் ஜெராக்ஸ். எத்தனை தடவை போனீர்கள் என்று கேட்டேன். "யார் டீச்சர் எண்ணுனா? ரேஷன் கடைக்குப் போன மாதிரி போயிக்கிட்டே இருந்தேன்" என்றார். அப்பா ஒருமுறைகூடப் போகவில்லை. "அவருக்கு இதெல்லாம் பேசத் தெரியாது." பேசத் தெரிந்த அந்த அம்மா எட்டாம் வகுப்பு.

சமையல், துணி, பிள்ளை வளர்ப்பு போலவே இதுவும் கூலியில்லாத வேலைதான். வழக்கறிஞர், எழுத்தர், தூதர் என அரசு சம்பளம் கொடுத்து வைக்க வேண்டிய ஆட்களின் வேலையை ஒரு தாய் ஓசியில் செய்துகொண்டிருக்கிறாள். அந்தத் தாயே மாற்றுத்திறனாளி என்றால்? அவளுக்காக அலைய யார் இருக்கிறார்கள்? 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களில் பெண்கள் 1.18 கோடிதான். பெண் உடலுக்குக் குறைவாகச் சேதம் வருகிறது என்று இதைப் படிக்க முடியாது. கதவைத் திறந்து, வீட்டில் இப்படி ஒரு பெண்ணும் உண்டு என்று சொல்லாத வீடுகள் அதிகம் என்றுதான் நான் படிக்கிறேன்.

புருஷன் இருக்காருல்ல என்ற கேள்வி ஒரு தனிமனிதரின் திமிர் மட்டுமல்ல. திட்டங்களின் பெயர்களைப் பாருங்கள்: ஆதரவற்ற விதவை, கணவனால் கைவிடப்பட்டவர், திருமணமாகாத ஏழைப் பெண். பெண்ணை அரசு படிக்கிற இலக்கணத்தில் எழுவாய் எப்போதும் கணவன். அவன் இறந்தான், போனான், வரவேயில்லை என்பதுதான் அவளுடைய தகுதி. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கியபோது 'உரிமை' என்ற சொல்லுக்காக மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுபவருக்கு அந்த ஆயிரம் ரூபாய் கிடையாது என்றது விதி. வீட்டு வேலைக்கான அங்கீகாரம் என்று சொல்லித் தந்த தொகை அது. சக்கர நாற்காலியில் இருந்தபடி சோறு வடிப்பவள் செய்வது வீட்டு வேலை இல்லையா? ஒன்று நீ மாற்றுத்திறனாளி, இல்லையென்றால் பெண். இரண்டாகவும் இருக்க முடியாது என்பதுதான் அந்த விதியின் பொருள்.

உச்ச நீதிமன்றமும் இந்தச் சிக்கலில் நின்றிருக்கிறது. 2021 ஏப்ரலில் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீதான பாலியல் வன்முறையில், பாலினமும் சாதியும் மாற்றுத்திறனும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை நீதிமன்றம் விரிவாகவே பேசியது. ஆயுள் தண்டனை உறுதியானது. ஆனால் சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்பதற்குத் தனி ஆதாரம் இல்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் தண்டனை நீக்கப்பட்டது. பின்னிக் கிடப்பதைப் புரிந்துகொண்ட தீர்ப்பிலும் நிரூபிக்கும்போது பிரித்துக்காட்ட வேண்டியிருந்தது.

யாருடைய காயம் பட்டியலில் ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளை ஏற்றது. அமில வீச்சால் உருக்குலைந்தவர்களையும் சேர்த்தது. போராடிப் பெற்றது அது. ஆனால் எங்கள் மாவட்டத்தின் அமிலம் நெருப்பு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் 38 பேர். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இறந்தவர்களை எண்ணினோம். முகமும் கழுத்தும் வெந்து பிழைத்தவளுக்குப் பட்டியலில் தனிப் பெயர் இல்லை. கைகால் அசைவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மட்டும் அளப்பார்கள். அதில் 40 விழுக்காடு வராவிட்டால் அவள் சட்டப்படி நலமாக இருக்கிறாள். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில்தான் ஊருக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள்.

தொகையைப் பேசாமல் இருக்க முடியாது. மற்றவர்களுக்கான திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்குக் 'குறைந்தது' 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,500 ரூபாய் ஆனது. அதே ஆண்டு முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் 'குறைந்தது' என்ற சொல்லில் அரசு சரியாகக் கால் ஊன்றி நின்றது. பக்கத்து ஆந்திரம் 2024-இல் 6,000 ஆக்கியது. ஒன்றிய அரசின் பங்கு 2012-இலிருந்து 300 ரூபாய்; அதுவும் 80 விழுக்காடு பாதிப்புள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்தச் சலுகைகளை ஏமாற்றிப் பெற்றால் அல்லது பெற முயன்றால் 91-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். சட்டத்தையே மீறுகிறவருக்கு, முதல் முறையென்றால், 89-ஆம் பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், சிறை இல்லை. சான்று வழங்க விதிகள் தந்த ஒரு மாத அவகாசம் 2024-இல் மூன்று மாதமாக நீட்டப்பட்டது. யாரைச் சந்தேகிக்க வேண்டும், யாருக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதில் அரசுக்குக் குழப்பமே இல்லை.

"சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்துகிறோமே" என்பார்கள். நடத்துகிறார்கள். பேனர் கட்டி, கல்லூரி மாணவிகளை உட்கார வைத்து, துண்டறிக்கை தந்து நடத்துகிறார்கள். விழிப்புணர்வு என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. பெண்கள் தூங்கிக்கொண்டிருப்பதாகவும் அதனால்தான் பணம் வரவில்லை என்றும் ஒரு பொருள் அதில் ஒளிந்திருக்கிறது. அந்த மில் தொழிலாளி அம்மாவைவிட விழித்திருக்கும் ஒருவரை நான் பார்த்ததில்லை. அவருக்குத் தேவைப்பட்டது உரை அல்ல. மேசைக்கு இந்தப் பக்கம், அவரோடு நிற்கும் ஓர் ஆள்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். மருத்துவச் சான்று முகாம் நடக்கும் ஒவ்வொரு நாளும், தாலுகா அலுவலகத்தில் மனு வாங்கும் ஒவ்வொரு நாளும், ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அதில் பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் இருக்க வேண்டும். மனு கொடுத்தால் தேதியிட்ட ரசீது. தகுதியில்லை என்றால் காரணத்தோடு எழுத்தில் பதில். சான்று விஷயத்தில் விதிகளே அதைச் சொல்கின்றன. விழுக்காடு தவறென்றால் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு. அதை எழுதித்தர வழக்கறிஞர், கட்டணமில்லாமல். பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி, 30 நாளில் விடை. எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. 15100 என்ற எண்ணில் அழைத்து இதைக் கேட்கலாம். ஒருத்தி கேட்டால் நகராத இடத்தில் நூறு பேர் கேட்க வேண்டும்.

தமிழ்த் துறைகளுக்கும் இதில் வேலை உண்டு. விண்ணப்பக் கடிதம் எழுதுவதை ஐந்து மதிப்பெண் கேள்வியாக வைத்திருக்கிறோம். 'தாழ்மையுடன்' என்று தொடங்கி 'பணிவான' என்று முடிக்கக் கற்றுத்தருகிறோம். சட்டத்தின் பெயரில் 'உரிமை' இருக்கும்போது, மனுவின் மொழியில் ஏன் தாழ்மை? சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, நாள் குறித்து, பதில் கேட்டு எழுதும் மனுவைக் கற்றுத்தருவோம். என் மாணவிகள் ஒவ்வொருவரும் தெருவில் ஒரு வீட்டுக்காவது அப்படியொரு மனுவை எழுதித்தர முடியும்.

அந்த மனுக்களுக்கு வரும் ஆணைகளின் தலையில் அரசு முத்திரை இருக்கும். அதிலுள்ள கோபுரம் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்த முத்திரையை மறுப்பின் மீதும் குத்தித் தரட்டும். தகுதியில்லை என்றால் அதையும் எழுதித் தாருங்கள். எழுதப்பட்ட மறுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.