திரும்பி வருவது யார்?

சமூகவியல் படித்த நாட்களில் எங்களுக்கும் அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. ஏழைகளை ஒரே இடத்தில் குவிக்காதே, வசதியுள்ளவர்களோடு ஒரே வளாகத்தில் குடிவை, வறுமை குறையும். ஊர் வேறு சேரி வேறு என்று கிடக்கும் நாட்டில் பிறந்தவர்களுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

சிகாகோவின் காப்ரினி-கிரீன் குடியிருப்பைப் பற்றிப் படித்தபோதுதான் விழித்துக்கொண்டோம். பணக்காரப் பகுதிக்குக் கூப்பிடு தூரத்தில், கறுப்பின ஏழைகள் வாழ்ந்த அரசு அடுக்குமாடிகள் அவை. பராமரிக்காமல் பாழாக விட்டது நிர்வாகம். கெட்ட பெயர் மட்டும் குடியிருந்தவர்களுக்கு. 2000-இல் நகர வீட்டுவசதி ஆணையம் பெரிய மறுகட்டுமானத் திட்டத்தைத் தொடங்கியது. கடைசி அடுக்குமாடி 2011-இல் இடிக்கப்பட்டது.

அங்கே எழும்பிய கலப்பு வருமானக் குடியிருப்புகளில் பழைய மக்களுக்கு ஒரு பங்குதான். மீதி, சந்தை விலைக்கு வாங்குவோருக்கும் நடுத்தர வருமானக்காரருக்கும். எல்லோரும் திரும்ப முடியாது என்பது முதல் நாளே தெரிந்த கணக்கு. பலர் வாடகை உதவிச் சீட்டோடு வேறு ஏழைக் கறுப்பினப் பகுதிகளுக்குப் போனார்கள்.

திரும்பியவர்கள் கதை இன்னும் கசப்பு. சிகாகோவின் இத்தகைய குடியிருப்புகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து ராபர்ட் சாஸ்கின், மார்க் ஜோசப் இருவரும் 2015-இல் எழுதிய நூல் அதைச் சொல்கிறது. அரசு வீட்டுக்காரருக்கு வேலை நிபந்தனை, சில இடங்களில் போதைப்பொருள் சோதனை. வாசலில் நாலு பேர் கூடி உட்கார்ந்தாலே புகார். வீட்டு உரிமையாளர் சங்கத்தில் வாடகைதாரருக்கு ஓட்டு கிடையாது. சுவர் ஒன்றுதான், பழக்கம் இல்லை. நமக்குத் தெரியாத காட்சியா இது?

சென்னையில் நடந்தது நேர்மாறு: கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களை அள்ளிக்கொண்டுபோய்க் குவித்தார்கள். பெரும்பாக்கத்தில் ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: "வீடு குடுத்தாங்க, சரி. நடந்து போய்ப் பாத்துட்டிருந்த வேலைய யாரு குடுப்பா?" அதனால் கலப்பே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நகரின் நடுவில் இருக்கும் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கலப்பைப் பற்றிப் பேச முடியாது என்கிறோம்.

உங்கள் பகுதியில் பழைய வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தால், வண்ண வரைபடத்தை அப்புறம் பாருங்கள். இப்போது எத்தனை குடும்பம், கதவு எண் வாரியாகப் பட்டியல் எங்கே, வாடகைக்கு இருப்பவர் அதில் உண்டா, எந்தத் தேதிக்குள் அதே இடத்தில் வீடு, புதிய சங்கத்தில் யாருக்கு ஓட்டு? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு வீட்டைக் காலி செய்யலாம்.