கோபம் அரசாங்கத்துக்கு, அபராதம் குடிமக்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நல்ல தரமான எவர்சில்வர் பாத்திரத்தில் நிக்கல் என்ற உலோகம் கலந்திருக்கும். இப்போது மின்சாரக் கார் பேட்டரிக்கும் அது தேவைப்படுவதால் உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். அப்படித் தேடிய இடங்களில் ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் தென்கோடியில், நச்சிங்வேயா பகுதியில் உள்ள என்டாக்கா குன்று.

அந்த இடத்துக்கு உரிமம் வைத்திருந்தது ஆஸ்திரேலியாவின் சின்னக் கம்பெனி ஒன்று. பெயர் இண்டியானா ரிசோர்சஸ். விலை சரியில்லாதபோது, உடனே தோண்டாமல் இடத்தைக் கையில் வைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு தனி உரிமம் இருந்தது. 2015இல் அந்த உரிமத்தை அரசாங்கமே கொடுத்தது.

2017இல் அதிபர் மகுஃபுலி சுரங்கச் சட்டங்களை அடியோடு மாற்றினார். 2018 ஜனவரியில் இந்த வகை உரிமங்கள் அனைத்தும் ஒரே விதிமுறையில் ரத்தாகி, நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பியது. இழப்பீடு இல்லை. 2019 டிசம்பரில் அதே இடங்களுக்கு அரசு டெண்டர் அழைத்தது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. பிரிட்டனுக்கும் தான்சானியாவுக்கும் 1994இல் போட்ட முதலீட்டு ஒப்பந்தம் ஒன்று இருந்தது. பிரிட்டனில் பதிவு செய்த தன் துணை நிறுவனம் மூலமாக, 2020இல் வாஷிங்டனில் உள்ள உலக வங்கிக் குழுமத்தின் நடுவர் மன்றத்துக்குப் போனது. செலவுக்குப் பணம் போட்டது, வழக்குகளில் முதலீடு செய்வதையே தொழிலாகக் கொண்ட இன்னொரு நிறுவனம். 2023 ஜூலையில் தீர்ப்பு. வட்டியும் வழக்குச் செலவும் சேர்த்து 10.95 கோடி டாலர் கொடு என்றது மன்றம். அதை ரத்து செய்யச் சொல்லி தான்சானியா மனுப் போட்டது. கடைசியில் 2024 ஜூலையில் 9 கோடி டாலர், மூன்று தவணை என்று சமரசம் ஆனது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 750 கோடி ரூபாய்.

உடனே சிலர், "மண் அவர்களுடையது, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதற்குப் பணம்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. மண்ணுக்கடியில் இருப்பது அந்த நாட்டு மக்களின் சொத்து என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பங்கு கேட்டது சரி. கேட்ட விதம்தான் தவறு.

மகுஃபுலி அரசியலுக்கு வருமுன் வேதியியலும் கணிதமும் நடத்திய ஆசிரியர். ஆகவே நம் தொழிலிலிருந்தே உதாரணம் சொல்கிறேன். அடுத்த ஆண்டு முதல் தேர்ச்சி மதிப்பெண் ஐம்பது என்று அறிவிக்கப் பள்ளிக்கு உரிமை உண்டு. போன ஆண்டு நாற்பது எடுத்துத் தேறியவனின் சான்றிதழைப் பிடுங்க உரிமை இல்லை.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. அதே மகுஃபுலி, பாரிக் என்ற பெரிய தங்கக் கம்பெனியோடு உட்கார்ந்து பேசினார். 2020 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டார். அரசாங்கத்துக்கு 16 விழுக்காடு பங்கும், 30 கோடி டாலரும் பேசி முடித்தார்கள். பேசினால் கிடைக்கும் என்பதற்கு அவரே சாட்சி. பெரியவனுக்கு நாற்காலி போட்டார்கள், சின்னவனுக்கு வாசலைக் காட்டினார்கள். அந்தச் சின்னவனிடம்தான் பிறகு தவணை கட்ட வேண்டி வந்தது. மகுஃபுலி 2021இல் காலமாகிவிட்டார். பில் அடுத்த அதிபர் சாமியா சுலுஹு ஹசன் மேஜைக்கு வந்தது.

கம்பெனியையும் நான் புகழவில்லை. ஆஸ்திரேலியக் கம்பெனி, பிரிட்டன் ஒப்பந்தம், வாஷிங்டன் மன்றம். இந்த வரிசையில் நச்சிங்வேயாக்காரனுக்கு இடம் எங்கே? அந்த வழக்கில் வாதி முதலீட்டாளர், பிரதிவாதி அரசாங்கம். ஊர்க்காரன் எந்தப் பக்கமும் இல்லை.

அந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. 1947இல் பிரிட்டிஷ் அரசு நிலக்கடலை பயிரிடப் போகிறோம் என்று அங்கே வந்து இறங்கியது. மட்வாரா துறைமுகத்திலிருந்து ரயில் பாதை போட்டது. 1951இல் திட்டம் தோற்றுக் கைவிடப்பட்டது. பின்னாளில் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். கடலை போனது, இப்போது நிக்கல். சுரங்கமும் வரவில்லை, வேலையும் வரவில்லை. வந்திருக்க வேண்டிய வகுப்பறைக்கும் மருந்துக்குமான பணம் கஜானாவிலிருந்து வெளியே போய்விட்டது.

கனிமம் உள்ள எந்த அரசும் மூன்று காரியம் செய்யலாம் என்பது என் கருத்து.

1. பங்கை உரிமம் கொடுக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

2. உரிமத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அன்றைக்கே மதிப்பிட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஐந்தரை ஆண்டு வட்டி மிச்சம்.

3. வெளிநாட்டு மன்றத்தில் வழக்குப் போட வழி செய்யும் ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் முன், அவற்றை நாடாளுமன்றத்தில் வரி வரியாக விவாதிக்க வேண்டும்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அரசாங்கம் ஆத்திரப்பட்டால், அதற்கு அபராதம் கட்டுவது அந்த முடிவை எடுக்காத ஜனங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், மரியாதையாக விவாதிப்போம்.