சத்தம் வராத பயிற்சி

டெக்ஸஸில் ஆகஸ்ட் மாதம் காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடும். மகனைப் பள்ளி மைதானத்தில் இறக்கிவிட்டு, மற்ற அப்பாக்களோடு வேலியோரம் நிற்பேன். நம் ஊர் ஃபுட்பால் இல்லை இது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, அவனைக் கட்டிச் சாய்க்கிற அமெரிக்க ஃபுட்பால். பத்தடி இடைவெளியில் இரண்டு பையன்கள் எதிரெதிரே நிற்பார்கள். விசில் ஊதியதும் தோள்கவசங்கள் மோதும். வேலியோரத்தில் ‘ஊ...’ என்று ஒரு குரல் எழும். நானும் கைதட்டியிருக்கிறேன். விழுந்தது என் பையன் இல்லையென்றால் சற்றுப் பலமாகவே.

ஊரிலிருந்து அப்பா போனில் கேட்டார். “என்னடா, கபடி மாதிரியா?”

“அது மாதிரிதான்பா. தலையில ஹெல்மெட் போட்டுக்குவாங்க.”

“எதுக்கு? தலையாலயா புடிக்கிறாங்க?”

ஒரு காலத்தில் அப்படித்தான் பிடித்தார்கள். ஹெல்மெட் கெட்டியாகக் கெட்டியாக, காப்பதற்கு வந்தது முட்டுவதற்கான ஆயுதமாகிவிட்டது. 1968இல் மட்டும், பள்ளி முதல் தொழில்முறை ஆட்டம் வரை எல்லா மட்டத்திலும் சேர்த்து, ஆட்டத்தில் பட்ட அடியால் 36 பேர் இறந்தார்கள். 1976இல் பள்ளிகளும் கல்லூரிகளும் தலையை முன்நீட்டி மோதுவதற்குத் தடை போட்டன. 1990இல் அப்படி ஒரு சாவுகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் தலைக்குள் படும் அடியைப் பற்றிய பேச்சு பெரிதாக எழுந்தது. ஆட்டம் வாரத்துக்கு ஒன்று. பயிற்சியோ கிட்டத்தட்ட தினமும். அடியைக் குறைக்க வேண்டுமானால் பயிற்சியில்தான் கைவைக்க வேண்டும். டெக்ஸஸில் பள்ளி விளையாட்டை நடத்தும் அமைப்பு 2013இல், சீசன் நடக்கும்போது முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 90 நிமிடம்தான் என்று வரம்பு கட்டியது. நியூ ஜெர்சி 2019இல் அதை வாரத்துக்கு 15 நிமிடம் ஆக்கியது. டெக்ஸஸில் மீதி நேரத்துக்கு ‘தட்’ என்று ஒரு முறை இருக்கிறது. முழு வேகத்தில் வந்து தோளால் இடித்து, கையால் சுற்றிப் பிடிக்கலாம்; கீழே சாய்க்கக் கூடாது. சாய்த்தால் அது ‘லைவ்’, கணக்கில் சேர்ந்துவிடும்.

வேலியோர அப்பாக்களுக்கு இது ஆகவே ஆகாது. “இன்டென்சிட்டியே இல்லையே, வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் இவன் எப்படி அடிப்பான்?” என்பார்கள். அவர்களுடைய புராணம் ஜங்ஷன். 1954இல் பேர் பிரையன்ட் என்ற பயிற்சியாளர் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பையன்களை அந்தச் சிற்றூருக்குக் கூட்டிப்போய், வறட்சிக் காலத்தில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வதக்கிய பத்து நாள் முகாம். பாதிக்கு மேல் ஓடிப்போனார்கள். மிச்சமிருந்தவர்களில் சிலர் 1956இல் தோல்வியே காணாத அணியில் ஆடினார்கள் என்பதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். முகாம் முடிந்த கையோடு அந்த அணி ஒன்றில் வென்று ஒன்பதில் தோற்றதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்த கதை வேறு. 1943இல் கொலராடோ மாநிலம் டிரினிடாட்டில் ஒரு பள்ளியின் பயிற்சியாளர் போருக்குப் போய்விட, அணியைக் கவனிக்கும் பொறுப்பு 16 வயது ஜான் கக்லியார்டியிடம் வந்தது. தனக்குப் பிடிக்காத கசரத்துகளை எல்லாம் தூக்கிப் போட்டான். தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கச் சொன்னான்; அந்தக் காலத்தில் அது கோழைத்தனம். பின்னால் மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 1953 முதல் 2012 வரை பயிற்சியாளராக இருந்தபோது, பயிற்சியில் ஒருவரையொருவர் சாய்ப்பதே கிடையாது. கணக்கை முடித்தபோது 489 வெற்றிகள். கல்லூரி ஃபுட்பாலில் அவரை மிஞ்சியவர் இல்லை.

டார்ட்மத் கல்லூரியில் 2010இல் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸும் இதே வழிக்கு வந்தார். மனிதனுக்குப் பதில் பொம்மை. பிறகு அங்கேயே பொறியியல் மாணவர்கள் ரிமோட்டில் ஓடும் பொம்மை ஒன்று செய்து கொடுத்தார்கள். பொம்மைக்கு வலிக்காது என்பதால் பையன்கள் முன்பைவிட அதிகமாகவே பிடித்துப் பழகினார்கள். 2016இல் டார்ட்மத் ஆடும் ஐவி லீக்கின் எட்டுப் பயிற்சியாளர்களும், சீசன் பயிற்சியில் சாய்ப்பதே வேண்டாம் என்று ஒரே குரலில் வாக்களித்தார்கள்.

வேலியோர அப்பாக்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். விழப் பழகாத பையன் முதல்முறை விழுவது வெள்ளிக்கிழமை விளக்கொளியிலா இருக்க வேண்டும்? கொஞ்சம் ‘லைவ்’ வேண்டும்தான். ஆனால் தீவிரத்தை நாங்கள் காதால் அளக்கிறோம். சாய்ப்பதில் கடினமானது கடைசி இரண்டு எட்டு. ஓடிவந்த வேகத்தில் அடியைச் சுருக்கி, இடுப்பைத் தாழ்த்தி, தலையை ஓரமாக ஒதுக்கி வைக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்கிற பையனிடமிருந்து சத்தமே வருவதில்லை. வேலியோரத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நேற்று ராத்திரி ஹாலில் தங்கை சோஃபா தலையணையைக் கட்டிக்கொண்டு ஓட, மகன் மெதுவாக, எட்டு எட்டாக அவளைப் பிடித்துப் பழகினான். அப்பா வீடியோ காலில் இருந்தார்.

“டேய், கண்ணப் பாக்காத, ஏமாத்திருவா. இடுப்பப் பாரு.”

“கோச்சும் அதான் தாத்தா சொன்னாரு.”

அதற்குள் படம் உறைந்துவிட்டது. திரும்ப வந்ததும், பார்க்க முடியவில்லை, இன்னொரு தடவை செய்து காட்டு என்றார். தங்கை தலையணையை எடுத்துக்கொண்டு மறுபடி கதவோரம் போய் நின்றாள்.