இம்ப்ளான்ட் இல்லாமல் பல் கட்ட முடியுமா?

கேள்வி: அப்பாவுக்குக் கீழ்வரிசையில் வலதுபக்கக் கடைசிப் பற்கள் மூன்றும் இல்லை. வேர்க்கடலை, கறி எல்லாம் விட்டுவிட்டுக் கஞ்சிதான் குடிக்கிறார். இம்ப்ளான்ட் வைக்க வசதியில்லை. வேறு வழி உண்டா?
- வாசகர், திருவேற்காடு

பதில்: உண்டு. அறுவை சிகிச்சை இல்லாமல் இரண்டு வழிகள்.

ஒன்று, 'பிரிட்ஜ்'. இடைவெளிக்கு இருபுறமும் உள்ள பற்களைச் சீவி உறை மாட்டி, நடுவில் பொய்ப்பல்லை நிறுத்துவார்கள். உங்கள் அப்பாவுக்குப் பின்பக்கம் பிடிமானத்துக்குப் பல் இல்லை. அதனால் இரண்டாவது வழியான கழற்றி மாட்டும் பல்செட்தான் பெரும்பாலும் பொருந்தும். செலவும் குறைவு. பல் மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

தள்ளிப்போடாதீர்கள். வயலில் பாடுவாசியைக் காலத்தில் நிரப்புகிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான். இடைவெளியை விட்டுவைத்தால் எதிரே உள்ள மேல்பல் இறங்கிவிடும். பிறகு பல் கட்ட இடம் இருக்காது.

தெருவோரத்தில் பொய்ப்பல்லைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுபவர்களிடம் போகாதீர்கள். அடியில் உணவு தங்கி ஈறு புண்ணாகும், நல்ல பல்லும் ஆடும். பதிவு பெற்ற பல் மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம் என்கிறது சட்டம்.

உங்களுக்குப் பக்கத்திலேயே வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால், சென்னை கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953 முதல் இயங்குகிறது. சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பல்செட்டைச் சாப்பிட்டதும் கழுவ வேண்டும். இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள், வெந்நீரில் போட்டால் கோணிவிடும். உறுத்தினால் நீங்களே ராவாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் சில நாள் இட்லி, குழைந்த சோறு. பழகியபின் கடலையும் கறியும் கொடுங்கள்.