சிவப்பும் அதன் துணையும்

செங்கல்பட்டுத் தெருமுனைகளிலும் மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களிலும் மாலை வேளையில் கேரம் பலகையைச் சூழ்ந்து இளைஞர் நிற்கக் காண்கிறோம். பலகை அதிர ஸ்ட்ரைக்கரைச் சுண்டிக் காயை வீழ்த்துபவனுக்கே அங்குக் கைதட்டல். அவனை வல்லவன் என நாம் ஒப்புவதற்கில்லை.

வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1 என அமைந்த இவ்வாட்டத்தின் நுட்பம் சிவப்பிலேதான் உள்ளது. சிவப்பை வீழ்த்தியவர் உடனோ அடுத்த அடியிலோ தம் காய் ஒன்றையும் வீழ்த்த வேண்டும். தவறினால் சிவப்பு நடுவட்டத்துக்கே மீளும். 'ஃபாலோ' எனச் சிறுவரும் அறிந்த இவ்விதி பலருக்கு அடித்த பின்னரே நினைவுக்கு வருகிறது! வல்லவரோ, துணைக்காயைக் குழியருகே அமைத்துக்கொண்ட பின்னரே சிவப்பைத் தொடுவர். 1882-இல் உதகையில் விதிகள் வகுக்கப்பெற்ற ஸ்னூக்கரிலும், விழுந்த பந்தைவிட வெள்ளைப் பந்து எங்கு நின்றது என்பதையே ஆட்டம் அறிந்தோர் நோக்குவர்.

ஆக, இது தோள்வலி கேட்கும் ஆட்டமன்று. 2024-இல் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பையில், சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா 3 தங்கம் வென்றார். நம் ஊர்ப் பலகைகளைச் சுற்றியோ பெண்பிள்ளைகளைக் காணோம். தெருமுனை அவர்களுக்கு ஆகாது என்னும் பெரியோர்களே, பலகை ஒன்றை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவரலாகாதா?